முதல் சட்டியும் ஆறு பலகைக் கதவும்

கொக்கோமலைத் தோட்டத்தில் ராசம்மா என்ற பெயரில் நான்கு பேர் இருந்தார்கள். ஒருத்தி கட்டை ராசம்மா, ஒருத்தி கங்காணி வீட்டு ராசம்மா, ஒருத்தி வெறும் ராசம்மா. நான்காமவள் 'ஏன்' ராசம்மா. இந்தக் கதை அவளுடையது.

பலாபத்வலையில் பஸ்ஸை விட்டு இறங்கி மேலே ஏறினால் வரும் தோட்டம் அது. கொஞ்சம் கொக்கோ, கொஞ்சம் மிளகு, மிச்சத்துக்குத் தேயிலை. எதிலும் முழு லாபம் வராதபடி யாரோ யோசித்து நட்டது போலிருக்கும். அங்கே வேலை செய்தவர்களுக்குக் கேள்வி கேட்கும் பழக்கம் அதிகம் கிடையாது. கேட்டுப் பார்த்தவர்கள் காலையில் பேர் பதியும் பெரட்டிலிருந்து வேலை தராமல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ராசம்மாவுக்கு மட்டும் அந்தப் பாடம் ஏறவில்லை. மிளகுக்கொடி ஏன் மரத்தைப் பிடித்தே ஏறுகிறது, துரை ஏன் நாயோடு மட்டும் இங்கிலீஷில் பேசுகிறார், மழை வருமுன் எறும்பு ஏன் முட்டையைத் தூக்குகிறது என்று கொழுந்து பறிக்கும்போது கேட்டுக்கொண்டே போவாள். பக்கத்து நிரையில் நிற்பவள், "ஏன்னா, அது அப்படித்தான் புள்ள!" என்பாள். அந்தப் பதிலில் ராசம்மாவுக்கு நம்பிக்கை இருந்ததில்லை.

எண்பத்து மூன்றுக் கலவரத்தில் ஊர் எரிந்து அடங்கியதற்கு மறுவருடம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை முத்துவீரன், தோட்டத்து ஸ்டோரில் தேயிலை உலர்த்தும் அடுப்புக்கு விறகு போடுபவன். கல்யாணத்துக்கு முன் அவனைப் பற்றி அவளுக்குச் சொல்லப்பட்டவை இரண்டு. காது பாதி மந்தம், கத்திப் பேசினால் கேட்கும். இரண்டாவது, அவன் கை.

அந்தக் கையைச் சொல்லத்தான் வேண்டும். உள்ளங்கை முழுவதும் மஞ்சள் பூத்த தடித்த தோல், பழைய செருப்பின் அடிப்பாகம் மாதிரி. பாதமும் அப்படியே. அடுப்பில் விழுந்த கங்கைக் கையாலேயே எடுத்து உள்ளே போடுவான். சூடு தெரியாது என்றில்லை. ஆனால் சூடு அவனிடம் வந்து சேர நேரமாகும், பதுளை ரயில் மாதிரி. அவன் அப்பாவுக்கும் அதே கை, அதே காது. அவர் அப்பாவுக்கும் அப்படித்தானாம். அம்மன் அந்தக் குடும்பத்தாரின் காதை வாங்கிக்கொண்டு கையைக் கொடுத்தாள் என்று தோட்டம் சொல்லும். அதனால் மாரியம்மன் திருவிழாவில் முதல் தீச்சட்டி அந்த வீட்டுக்கே உரிமை. மற்றவர்கள் வேப்பிலையை மெத்தை போல அடுக்கி அதன்மேல் சட்டியை வைத்துக்கொண்டு, 'அம்மா தாயே' என்று ஓட்டமும் நடையுமாய் வருவார்கள். முத்துவீரன் வெறுங்கையில் ஏந்தி, மாமனார் வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோகிறவன் போல ஆற அமர வருவான். தப்பு மேளம் அடிப்பவர்கள் அவன் நடைக்கு அடியைக் குறைத்துக்கொள்வார்கள்.

"கைய வாங்கிக்கிட்டு காதக் குடுத்திருக்கலாமே, ஏன் மாத்திச் செஞ்சா?" என்று புதுப்பெண் ராசம்மா கேட்டாள்.

"சட்டிய காதாலயா தூக்குவாங்க?" என்றான் முத்துவீரன். அவளுக்கு அவனைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

முதல் பிள்ளை சுந்தரம்மா. கொஞ்சம் வளர்ந்ததும் உள்ளங்கை தடித்தது. கூப்பிட்டால் திரும்பவில்லை. மற்ற வீடாக இருந்தால் அழுதிருப்பார்கள். முத்துவீரன் கோயிலுக்குத் தேங்காய் உடைத்தான். இரண்டாவது பிள்ளை சிவலிங்கம். அவன் வளர வளர உள்ளங்கை வெண்ணெய் மாதிரியே இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பிராவில் கரண்டி விழுந்தாலும் திரும்பிப் பார்த்தான். முத்துவீரன் தேங்காய் உடைக்கவில்லை.

பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்ப்பது தோட்டத்துக்கு ஒரு பொழுதுபோக்கானது. வருகிறவர்கள் எல்லாம் பிள்ளையைக் கொஞ்சுவது போல உள்ளங்கையைத் தடவுவார்கள், பிறகு ராசம்மாவைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பின்னால் ஒரு பெயரும் இருந்தது. பதுர்தீன்.

பதுர்தீன் புடவை வியாபாரி. மாத்தளையிலிருந்து மாதம் ஒருமுறை துணி மூட்டையோடு, தொழிலாளர் குடியிருக்கும் வரிசை அறைகளான லயத்துக்கு ஏறி வருவார். நாற்பது வயது, வெற்றிலை போடாத வெள்ளைப் பல், கூப்பன் தாள் போல மெல்லிய கை. ராசம்மா அவரிடம் சீத்தைத் துணி வாங்கியதைவிடச் செய்தி வாங்கியதுதான் அதிகம். கடல் தண்ணீர் ஏன் உப்பு, கொழும்பில் லிஃப்ட் அறுந்து விழாதா, நோன்பு நேரத்தில் எச்சில் விழுங்கலாமா? பதுர்தீன் மூட்டையை அவிழ்க்குமுன்பே, "தங்கச்சி, இன்டைக்கி எத்தின கேள்வி?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார். ஒரு பெண் ஓர் ஆணிடம் இவ்வளவு கேட்கிறாள் என்றால் அது வெறும் கேள்வியாக இருக்க முடியாது என்று, கேள்வியே கேட்டறியாத சனம் முடிவு கட்டியது.

யாரும் நேரே சொல்லவில்லை. முத்துவீரனும் சொல்லவில்லை. அவன் செய்தது ஒன்றுதான்: மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான், மகனை "அந்தப் பய" என்றான். பதுர்தீன் எப்படியோ காற்றில் விஷயத்தைப் பிடித்து, ஏறி வருவதை நிறுத்திக்கொண்டார். கடல் ஏன் உப்பு என்பதற்கான பாதிப் பதில் அப்படியே நின்றது.

தொண்ணூற்றாறில் முத்துவீரன் ஒரு கல்யாணத்துக்காக தம்புள்ளைக்கு பஸ் ஏறினான். வழியில் சோதனைச் சாவடி. எல்லாரும் இறங்கி நடந்தார்கள். "நில்!" என்று சிப்பாய் சொன்னது முத்துவீரன் காதில் விழவில்லை. இரண்டாவது "நில்" துப்பாக்கிக் கட்டையால் முதுகில் விழுந்தது, அது கேட்டது. கையைத் தூக்கினான். அந்தக் கையைப் பார்த்த சிப்பாய் தன் அதிர்ஷ்டத்தை நம்ப முடியாமல் அதிகாரியைக் கூப்பிட்டான். அந்தக் காலத்தில் உள்ளங்கையிலும் முழங்கையிலும் காய்ப்பு இருந்தால் ஆயுதப் பயிற்சி எடுத்தவன் என்று கணக்கு. இவன் கையில் இருந்த காய்ப்புக்கு ஒரு முழுப் படைக்கே பயிற்சி கொடுத்திருக்க வேண்டும்.

செய்தி வந்ததும் ராசம்மா இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு முகாமுக்குப் போனாள். அவளுடைய சிங்களம் சந்தைச் சிங்களம். மிளகாய் விலை பேசப் போதும், புருஷனை மீட்கப் போதாது. ஆகவே பேசவில்லை. பதினொரு வயது சுந்தரம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்து அதிகாரியின் மேசைமேல் விரித்து வைத்தாள்.

அதிகாரி குனிந்து பார்த்தார். விரலால் தட்டிப் பார்த்தார். தகப்பனின் கையைக் கொண்டுவரச் சொல்லி பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பதினொரு வயதுப் பெண்பிள்ளைக்கு எந்தக் காட்டில் பயிற்சி கொடுத்தார்கள் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். சிரித்துவிட்டார். பிறகு, மனிதர் நல்லவர்தான், சும்மா இருக்காமல் சிவலிங்கத்தின் கையையும் திருப்பிப் பார்த்து, "மெயாட்ட நே நேத?" என்று கேட்டார். இவனுக்கு மட்டும் இல்லையா?

அறையில் இருந்த தமிழர் எல்லாருக்கும் அந்தச் சிங்களம் புரிந்தது. முத்துவீரனுக்குக் கேட்கவில்லை, ஆனால் அதிகாரியின் விரல் எந்தக் கையில் நிற்கிறது என்று பார்க்கக் காது தேவையில்லை. விடுதலையாகி வந்தவன் வழியெல்லாம் சுந்தரம்மாவின் தோளில் கை போட்டபடி நடந்தான். சிவலிங்கம் பின்னால் வந்தான்.

அன்றைக்குத்தான் ராசம்மா தன் வாழ்நாள் கேள்வியைத் தேர்ந்தெடுத்தாள். எறும்பு முட்டை, துரையின் நாய் எல்லாவற்றையும் தள்ளி வைத்தாள். அம்மன் ஒரு பிள்ளைக்குக் கொடுத்ததை இன்னொரு பிள்ளைக்கு ஏன் கொடுக்கவில்லை? பூசாரியைக் கேட்டாள். "நீ என்னா குத்தம் செஞ்சியோ" என்றார். அந்தப் பதிலையும் அவள் நம்பவில்லை; குற்றம் செய்திருந்தால் தனக்குத் தெரிந்திருக்கும் என்பது அவள் வாதம்.

பத்து வருடம் கழித்து ஒரு மழைக்காலத்தில் சுந்தரம்மாவின் பாதம் பாளம் பாளமாக வெடித்து நடக்க முடியாமல் போனது. ராசம்மா மகளை மாத்தளைத் தோல் கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். அங்கே முத்தலிப் என்று ஓர் இளம் டாக்டர். பாதத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார். பிறகு யாரும் சொல்லாமலே, "காது கேக்கிற எப்பிடி?" என்றார்.

ராசம்மா நாற்காலியில் நேராக உட்கார்ந்தாள். அம்மனுக்கு அடுத்தபடியாகக் கையையும் காதையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஆள் அவள் அறிந்து இவர்தான்.

"ஏங்க டாக்டர், ரெண்டுக்கும் என்னா தொடுப்பு?"

டாக்டருக்கு அன்று வரிசை நீளம். ஆனாலும் கேள்வி கேட்கும் நோயாளியைப் பார்த்து நாளாகியிருந்தது போலும். "வீட்டில எல்லாரோட ரத்தமும் வேணும், உம்மா. வெளிநாட்டுக்கு அனுப்பிப் பாத்துட்டு சொல்றேன்" என்றார்.

முத்துவீரன் முதலில் மறுத்தான். "அம்மன் குடுத்ததுக்கு வெள்ளைக்காரன் சாட்சியா?" என்று கத்தினான். பிறகு அவனுக்கே ஓர் ஆசை வந்துவிட்டது. ரத்தம் எடுக்கும்போது டாக்டரிடம், "ரத்தத்துல அம்மன் தெரிவாளா?" என்று கேட்டான்.

"இருந்தா தெரியும்" என்றார் டாக்டர்.

பதில் வர வருடம் ஒன்றாகியது. புருஷனும் பெண்டாட்டியும் போய் உட்கார்ந்தார்கள்; கூட வந்த சிவலிங்கம் வாசல்படியிலேயே நின்றுகொண்டான். முத்துவீரனுக்குக் கேட்க வேண்டும் என்பதால் டாக்டர் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. ஆகவே வெளியே வாங்குப் பலகையில் சொறியோடும் சிரங்கோடும் காத்திருந்த அத்தனை பேரும் அன்றைக்கு விஞ்ஞானம் படித்தார்கள்.

"நம்ம ஒடம்பு சின்னச் சின்ன அறையால ஆனது. செல் எண்டு சொல்ற. ஒவ்வொரு அறையும் பக்கத்து அறையோட பேசோணும். சாமான் குடுத்து வாங்கோணும்."

"லயம் மாதிரி," என்றாள் ராசம்மா.

"அதேதான்! லயம். சுவர்ல கதவு வச்சிருக்கு. இந்தப் பக்கம் ஆறு பலகை வட்டமா நிக்கும், அந்தப் பக்கம் ஆறு பலகை. ரெண்டும் ஒட்டினா நடுவில ஓட்டை. அதுக்குள்ளால போகும், வரும். அந்தப் பலகைக்குப் பேரு கொனெக்சின்."

"அந்தக் கதவால என்னா போகும்?"

"காதில எண்டா உப்பு. சத்தம் வந்து தட்டினா செல்லுக்குள்ள உப்பு பூரும். அத கதவு கதவா கடத்தி அனுப்பினாத்தான் அடுத்த சத்தத்துக்குக் காது ரெடியாகும். கதவு திறக்கல்லையெண்டா உப்பு தேங்கிடும். காது மந்தம்."

"தோலுல?"

"தோல்ல சேதி போகும். 'போதும், இனி வளர வேணாம்' எண்டு ஒண்டுக்கொண்டு சொல்லிக்கொள்ளும். சொல்ல வழி இல்லாட்டி, அது பாட்டுக்கு அடுக்கிக்கொண்டே போகும்." டாக்டர் முத்துவீரனின் கையைத் திருப்பிக் காட்டினார். "இது, 'போதும்' எண்ட சொல்லு போய்ச் சேராத தோல்."

முத்துவீரன் தன் கையை மெதுவாக இழுத்துக்கொண்டான். "என் ஆத்தா கை நல்லாத்தான இருந்திச்சு? அதுல பாதியாவது எனக்கு நல்ல கதவா வரணுமே?"

நல்ல கேள்வி. டாக்டரே ஒரு கணம் அவனைப் பார்த்தார். "ஐயா, பலகை செய்ற கணக்கு ரெண்டு வழியா வரும். ஒண்டு உங்கட வாப்பாட, ஒண்டு உம்மாட. கலந்துதான் கதவு செய்யும். ஆனா ஆறில ஒரு பலகை உளுத்தது வந்து உக்காந்தாலும் கதவு இறுகிடும். மத்த அஞ்சும் நல்லதா இருந்தும் புண்ணியமில்ல."

வாங்கில் இருந்த யாரோ, "எங்க கோயில் கமிட்டி மாதிரி" என்றார். சிரிப்பு எழுந்தது.

இப்போது ராசம்மாவின் முறை. கேட்காமலே வந்துவிடலாம் என்றும் ஒரு நினைப்பு ஓடியது. டாக்டரிடம் ரகசியமாகக் கேட்டால் புருஷன் காதில் விழாது. அவன் காதில் விழாத பதில் அவளுக்கு எதற்கு? எழுந்து நின்று, வாங்குக்கும் வாசலுக்கும் கேட்கும்படி கேட்டாள்.

"இந்தக் கை உள்ளவருக்கு, இந்தக் கை இல்லாத புள்ள பொறக்குமா, டாக்டர்?"

வெளியே சிரிப்பு நின்றது. டாக்டர் மூன்று முகங்களைப் பார்த்தார். மூன்றாவது, வாசல்படியில் நின்ற சிவலிங்கம். அவருக்கு விளங்கிவிட்டது. அவரும் மாத்தளைக்காரர்தானே, இந்தப் பக்கத்து ஊர்ப்பேச்சு தெரியாதவரல்ல.

"பொறக்கும். ஐயாகிட்ட ரெண்டு கணக்கு இருக்கு. ஒண்டு நல்லது, ஒண்டு பழுது. புள்ளைக்கு ஒண்டுதான் குடுப்பார். எது எண்டு அவருக்கும் தெரியாது. கிரிக்கெட்டில டாஸ் போடுற மாதிரி. தம்பி டாஸில வெண்டுட்டார்."

முத்துவீரன் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தான். பிறகு, "அப்ப இது... சீக்கா?" என்றான்.

"சீக்குதான், ஐயா."

பஸ்ஸில் அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பலாபத்வலை வந்தது. இறங்கியதும், "அந்த டாக்டருக்கு ஒண்ணும் தெரியாது" என்றான்.

ராசம்மா நடுரோட்டில் நின்றாள். ஒன்று அவளுக்குத் தெளிவாகியிருந்தது. டாக்டர் கொடுத்தது 'இருக்கலாம்' என்ற பாதிதான். மற்றப் பாதியை எந்த ரத்தமும் சொல்லத் தேவையில்லை. இந்த மனுஷன் சொல்ல வேண்டும். ஆனால் சொன்னால் அவனுக்கு மிஞ்சுவது என்ன? பரம்பரையாகத் தூக்கிய சட்டி, தப்பு அடி குறைந்து வழிவிடும் அந்த நடை, எல்லாம் உளுத்த பலகையாகிப் போகும்.

"இந்தாங்க," என்று அவன் காதருகே போய்க் கத்தினாள். "ஒங்க கை அம்மன் குடுத்ததுன்னா, இவன் யாரு? இவன் ஒங்க புள்ளைன்னா, ஒங்க கை என்னா? ரெண்டையும் வச்சிக்க முடியாது. ஒண்ணச் சொல்லுங்க!"

ரொட்டிக் கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முத்துவீரன் மலையைப் பார்த்து ஏறத் தொடங்கினான்.

திருவிழாக் கூட்டம் மாசி மாதத்தில் கோயில் வாசலில் கூடியது. கோயில் கமிட்டித் தலைவர் செல்லச்சாமி, தொண்டையைச் செருமாமல் ஒரு வார்த்தையும் பேசாத மனிதர். "முதல் சட்டி வழக்கம்போல முத்துவீரன்" என்று செருமினார். பின்வரிசையில் ஒரு வாய் சும்மா இருக்கவில்லை: "அவருக்குப் பொறவு யாரு? அந்த வீட்டுல ஆம்பள வாரிசுக்குக் கையில்லையே!"

ராசம்மா பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தலையைக் குனியவில்லை. புருஷனின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முத்துவீரனுக்கு அந்த வாய் சொன்னது கேட்டிருக்க முடியாது. ஆனால் அவன் எழுந்தான். அவனுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது; கேட்காத காதுக்காரனின் குரல் அடுத்த மலைவரை போனது.

"என் கை சீக்கு! டாக்டர் சொல்லிட்டாரு. என் அப்பனுக்கும் அதான். சிவலிங்கம் என் புள்ள. அவனுக்கு அந்தச் சீக்கு வரல. அம்புட்டுத்தான்!"

பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"சீக்குக் கையால அம்மன் சட்டியத் தொட்டா தோசமில்லையா?"

"இத்தன வருசமா தொட்டானே, என்னா ஆச்சி?"

"தோட்டத்த மூடப் பாத்தாங்களே, அதான் ஆச்சி!"

தலைவர் செருமினார். "சீக்கு உள்ளவங்க முதல் சட்டி தூக்கக் கூடாதுங்கிறது..."

"ஏன் தலவரே?"

குரல் பெண்கள் பக்கத்திலிருந்து வந்தது. யார் என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தத் தோட்டத்தில் அந்தச் சொல்லுக்கு ஒருத்திதான் சொந்தக்காரி.

"அம்மை போடுறதே அவதான? சீக்குன்னா அவளுக்கு ஏன் புடிக்காம போவுது?"

செல்லச்சாமி இரண்டு முறை செருமினார். கூட்டத்தில் பாதி தலையாட்டியது. ஆனால் முத்துவீரனே கையைக் காட்டி எல்லாரையும் அடக்கினான். பெண்டாட்டி கேட்டது அவனுக்குக் கேட்கவில்லை. அவன் வேறொரு கணக்கில் இருந்தான்.

"எனக்குச் சுடாது. சுடாதவன் தூக்குறதுல அவளுக்கு என்னா பெரும? சுடுறவன் தூக்கட்டும். டேய், சிவா!"

மகனுக்குப் பெயர் இருப்பது தோட்டத்துக்கு அன்றுதான் தெரிந்தது போலிருந்தது.

சிவலிங்கம் அந்த வருடம் முதல் சட்டி எடுத்தான். வேப்பிலையை மற்றவர்கள் போலவே மெத்தையாக அடுக்கினான். ஆனால் நடையில் அப்பாவைப் போல ஆற அமர வரவேண்டும் என்று ஒரு வீம்பு. தப்பு அடிப்பவர்கள் பழைய பழக்கத்தில் அடியைக் குறைத்தார்கள். பாதி வழியில் வேப்பிலை கருகிப் போனது. பையன் பல்லைக் கடித்துக்கொண்டு வாசல்வரை வந்து சட்டியை இறக்கினான். இரண்டு உள்ளங்கையும் கொப்புளம். பெண்கள் "அச்சச்சோ" என்றார்கள். பின்வரிசை வாயும் சேர்ந்துகொண்டது. அதற்கும் கொப்புளம் கண்டால் கண் கலங்கும் போலும்.

ராசம்மா முந்தானையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு ஓடினாள். அவளுக்கு முன்பே முத்துவீரன் மகன் எதிரில் குந்தியிருந்தான். சிவலிங்கத்தின் இரண்டு கைகளையும் தன் தடித்த கைகளுக்குள் வாங்கி, விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கொப்புளத்தின் விளிம்பை, தொட்டும் தொடாமலும், நகத்தால் தடவினான். அவன் முகத்தில் இருந்தது பரிதாபமல்ல. ராசம்மாவுக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். கொழுந்து நிரையில் நின்று எறும்பைப் பார்க்கும்போது தன் முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

"சுடுறதுன்னா," என்று கேட்டான் முத்துவீரன், "எப்படிடா இருக்கும்?"

சிவலிங்கம் அப்பாவின் காதருகே குனிந்தான். சொல்லத் தொடங்கினான். முதலில் மெதுவாக. பிறகு கத்திக் கத்திச் சொன்னான். நடுநடுவே முத்துவீரன், "இரு, இரு, அதுக்கு முன்னால என்னா வரும்?" என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டான்.

ராசம்மா ஈர முந்தானையைப் பிடித்தபடி நின்றாள். இடையில் நுழைந்து கேட்க அவளுக்கும் ஒரு கேள்வி இருந்தது. கேட்கவில்லை. அவர்கள் முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.